விளக்கு வைத்ததும் வரும் கேள்வி

என் மகளுக்குப் பத்து வயதில் கண் வெட்டத் தொடங்கியது. பிறகு கழுத்தும் ஒரு பக்கமாக வெட்டியது. தொண்டையில் கனைப்பு வந்தது. அவளாகச் செய்வதில்லை. அடக்கச் சொன்னால் இன்னும் கூடும். அம்மன் கோவிலில் திருநீறு போட்டோம். மதுரை ஆஸ்பத்திரிக்கும் போனோம். இரண்டிலும் எனக்கு நம்பிக்கை உண்டு.

ஆஸ்பத்திரியில் செல்போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தார்கள். வெட்டு வரப்போவதை முன்னமே உணரவும், அப்போது கழுத்தை அசையாமல் நிறுத்தவும் அது படம் காட்டிச் சொல்லித்தரும். ஆஸ்பத்திரிக்கு வராமல் வீட்டிலிருந்தே பழகும் பிள்ளைகளுக்கும் இது பலன் தருகிறதா என்று பார்க்கிறார்களாம். அதற்காகத் தினமும் சாயங்காலம் எனக்கு ஒரு கேள்வி வரும்: இன்று பிள்ளை எப்படி இருந்தாள்? மோசம், பரவாயில்லை, நன்றாக இருந்தாள். ஒன்றைத் தொடவேண்டும்.

அது நான் விளக்கேற்றும் நேரம். விளக்கு வைத்த பிறகு எங்கள் சிக்கல் ஊரில் யாரும் நோய்நொடிப் பேச்சு எடுக்க மாட்டோம். சாமி முன்னால் நின்று மோசம் என்று தொட எனக்கு விரல் வரவில்லை. ‘நன்றாக இருந்தாள்’ என்றே தொட்டுவந்தேன். வேண்டுதல் மாதிரி.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினார். “பாப்பாவுக்குக் குணமாயிருச்சு போலம்மா. இந்த மாசத்தோட ஆப்பை நிப்பாட்டிரலாம்.”

பக்கத்தில் இருந்த மகளுக்குக் கேட்டுவிட்டது. “யாருக்குக் குணமாச்சு? பள்ளிக்கூடத்துல இன்னும் கழுத்த வெட்டுற கோழின்னுதான் கூப்பிடுறாளுக. இப்பத்தான் கொஞ்சம் பிடிபடுது, அதையும் நிப்பாட்டவா?”

“விளக்கு வச்ச நேரத்துல எப்பிடித்தா மோசம்னு சொல்றது?”

“விளக்கு முன்னாடி பொய் மட்டும் சொல்லலாமாக்கும்?”

போனில் அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன். அவர், “அதான் உங்க ஊர்ப் பக்கத்துப் பிள்ளைக எல்லாமே ஆப்புல நல்லா இருக்குதுகளா!” என்று சிரித்தார். இதுவரை நான் தொட்டதைக் கணக்கில் சேர்க்க முடியாதாம். ஆப் தொடரும், கேள்வி மட்டும் காலையில் வரும், முந்தைய நாளைப் பற்றி.

மறுநாள் வாசல் தெளித்துவிட்டு வந்தபோது கேள்வி வந்திருந்தது. முதல்முறையாக ‘மோசம்’ என்பதைத் தொட்டேன். மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, கை நடுங்குது? ஒன் பேரையும் ஆப்புல சேத்துவிடவா?”

“போடி” என்றேன்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றி, பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்று அம்மனிடமே கேட்டேன்.