சித்தப்பா அனுப்பிய மடிக்கணினி

பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் படித்தபோது என் வயிறு எரிவதற்கு நெருப்பு தேவைப்படவில்லை. சித்தப்பா மகளின் மடிக்கணினி போதும்.

தொற்றுக்குப் பயந்து பள்ளியை மூடி, பாடமெல்லாம் இணையத்தில் நடந்த காலம். மலேசியாவின் கூலாயில் எங்கள் வீட்டிலிருந்த ஒரே நல்ல போனை அம்மா காலையிலேயே தொழிற்சாலைக்கு எடுத்துப் போய்விடுவார். அப்பாவுடையது பொத்தானை அமுக்கிப் பேசுகிற பழைய போன். ஆசிரியர் காலையில் கேட்டதற்கு நான் சாயங்காலம் பதில் அனுப்புவேன். அதற்குள் என் வகுப்பிலேயே படித்த அவள் பாராட்டெல்லாம் வாங்கி முடித்திருப்பாள். போன வருடம்வரை என்னைப் பார்த்துக் கணக்கு எழுதியவள்.

சித்தப்பாவுக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. எல்லையை மூடியதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவர் வரவில்லை; அங்கிருந்தே ஆர்டர் செய்த கணினி மட்டும் வந்தது. கொடுத்து வைத்தவள் என்று பொருமினேன்.

ஒருநாள் அறிவியல் தேர்வு. அடுத்த வருடம் அறிவியல் பிரிவில் இடம் கொடுக்க அந்த மதிப்பெண்ணையும் பார்ப்பார்களாம். மாலை ஐந்துக்குள் எழுத வேண்டும். அம்மா வர ஆறரை ஆகும். வேறு வழியில்லாமல் அடுத்த தெருவிலிருந்த அவள் வீட்டுக்குப் போனேன். தன் தேர்வை முடித்துவிட்டுக் கணினியை என் பக்கம் நகர்த்தினாள். என்னைவிட இரண்டு மாதம்தான் சின்னவள்.

"நாலு மணிக்குள்ள முடிச்சிடுக்கா. நாலேகாலுக்கு அப்பா பிரேக்ல கூப்பிடுவாரு."

சித்தியும் போனோடு வேலைக்குப் போயிருந்தார். அவள் அப்பாவைப் பார்க்க அந்தக் கணினிதான்.

மூன்றே முக்காலுக்கே முடித்துவிட்டேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. எல்லாமே இவளுக்குத்தானா என்று ஆங்காரம். முடித்த கேள்விகளையே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். கணினி ஒலித்தது, திரையில் சித்தப்பாவின் படம். சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். மறுபடி ஒலித்தது. மறுபடியும் அமுக்கினேன்.

அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அப்பாவாக்கா?"

"எடுத்தா டெஸ்ட் கட்டாயிடும். மார்க் போயிடும்லா."

"அப்ப வேணாம். நீ எழுதுக்கா" என்று தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நாலரைக்கு நான் எழுந்த பிறகு அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை.

அந்த ஒரு தேர்வில் நல்ல மார்க்தான் வாங்கினேன். ஒன்று போதுமா? அறிவியல் பிரிவு அவளுக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. அந்த எரிச்சல் வெகுநாள் இருந்தது. ஆனால் இப்போது என்னைக் குத்துவது அன்று நான் அங்கிருந்து கிளம்பிய தருணம்தான்.

ஹோட்டல் வேலை போய் வீட்டிலிருந்த அப்பா, என்னைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். "சாப்பிடாமயே ஓடி வந்துட்டியே" என்று என் தலையைத் தடவினார். அவளிடமும், "நீ சாப்டியாம்மா?" என்று கேட்டார். அவள் வாசல் கேட்டைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழிந்த இருக்கையைத்தான் பார்க்கிறாள், கணினி வந்த திமிரில் எங்கள் மோட்டார் இளக்காரமாகத் தெரிகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சீக்கிரம் போங்கப்பா" என்று, அவள் பார்க்கவே, அப்பாவின் முதுகை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.