தோற்றதாகச் சொன்ன ஆட்டம்

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, இரட்டையர் டென்னிஸில் தேசியப் பட்டம் வாங்கியவர். அவரோடு சேர்ந்து ஆடியவர் பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணை வீட்டுப் பெண். நான் அவரைப் பல்லடத்து அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளி நாளிலிருந்தே இருவரும் ஜோடி. அத்தை வலையருகே நின்று பாய்ந்து பாய்ந்து அடிப்பார். அவரைத் தாண்டிப் போகும் பந்தையெல்லாம் அக்கா பின்னால் நின்று அலட்டிக்கொள்ளாமல் எடுத்துக்கொள்வார்.

“ஒரு பந்தை அடிக்கறதுக்கு ரெண்டு பேரு எதுக்கு அம்மணி?” என்று என் தாத்தா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். வந்த வரன்களையெல்லாம் இருவரும் அடுத்த போட்டி முடியட்டும் என்று தள்ளிவிடுவார்கள். போட்டிகள் முடிந்தபாடில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அக்காவுக்கு ரத்தத்தில் ஏதோ நோய் என்றார்கள். அதன் பெயரைச் சொல்லும்போது மட்டும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாங்காக்கில் நடக்கவிருந்த பெரிய போட்டிக்கு இருவர் பெயரையும் கொடுத்திருந்தார்கள். போகமாட்டேன் என்று அத்தை உட்கார்ந்துவிட்டார். அக்காதான் ஃபோனில் திட்டி அனுப்பிவைத்தார். வடக்கத்திப் பெண் ஒருத்தியோடு சேர்ந்து ஆடி, அத்தை கோப்பையை ஜெயித்தார். அவர் வாங்கியதிலேயே பெரியது அதுதான்.

கோவை விமான நிலையத்தில் மாலையோடு நின்றோம். அத்தை அதைக் கையில் வாங்கி, கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் கார் டிக்கியில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் கோப்பையைப் பழைய துண்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். வகுப்பு முழுக்கப் பெருமையடித்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பல்லடம் போனார். அக்கா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். முடியெல்லாம் போய்த் தலையில் துணி கட்டியிருந்தார். கைகள் என் கைகளைவிட மெலிந்திருந்தன.

“என்னடி ஆச்சு?” என்றார் அக்கா.

“மொத ரவுண்டுலயே போச்சு” என்றார் அத்தை.

நான் வாயைத் திறந்தேன். அத்தையின் கை என் தொடையை அழுத்தியது.

“உங்கூடச் சேந்தவ எப்படி ஆடுனா?”

“எங்க ஆடுனா? நா முன்னாடி போனா பின்னாடி காலியாக் கெடக்குது. திரும்பிப் பாத்தே எங்கழுத்து சுளுக்கிப்போச்சு. நீயில்லாம ஆவாதுடி.”

அக்கா இருமல் வரும்வரை சிரித்தார். “அப்ப நா வெரசா எந்திரிச்சு வந்தாத்தான் ஆவும்.”

“பின்ன?” என்றார் அத்தை. அதன்பிறகு இருவரும் தை மாதத்துக்கு அப்பால் ஆட வேண்டிய போட்டிகளைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். அக்காவுக்குப் புது ஷூ வாங்க வேண்டும் என்றுகூட முடிவானது.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று அத்தை எழுந்து வெளியே போனார். கழுவி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அக்கா என்னை அருகில் கூப்பிட்டார்.

“கண்ணு, ஃபைனல் முழுசும் நா பாத்தேன். ஜெயிச்சுப்போட்டும் உங்கத்தை சிரிக்கவே இல்ல. நா பாத்தேன்னு அவகிட்ட சொல்லிப்போடாத, என்ன? பாவம்.”

தலையாட்டினேன்.

காரில் வரும்போது அத்தை கேட்டார். “உங்கிட்ட ஏதாச்சும் கேட்டாளா?”

“இல்லீங்கத்தை” என்றேன்.

பொங்கலுக்கு முன்பே அக்கா போய்விட்டார். அத்தை அதன்பின் யார் யாரோடோ சேர்ந்து ஆடிப் பார்த்தார். ஒன்றிரண்டு பட்டங்களும் வந்தன. பிறகு ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

பல்லடத்திலிருந்து திரும்பிய அந்தச் சாயங்காலம் எனக்கு இருவர் மேலும் கோபமாக இருந்தது. திரும்பிப் பார்க்காமலே ஒருத்தி எங்கே நிற்கிறாள் என்று மற்றவளுக்குத் தெரியும் என்பார்கள். இவர்களோ இப்படி ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்கிறார்களே என்று நினைத்தேன். பாங்காக் ஆட்டங்களை ஃபோனிலேயே பார்க்கலாம் என்று கிளம்பும் முன் எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனது அத்தைதான். அக்கா மட்டும் பார்க்காமல் இருந்திருப்பார் என்று அவர் நம்பியிருப்பாரா என்று கேட்டுக்கொள்ள அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.