சாப் யார் வச்சது?

காலை ஆறு ஐந்துக்கு புக்கிட் மேராவில் முதல் பிள்ளை ஏறும். ஆறு இருபதுக்குள் பன்னிரண்டு பேரும் ஏறிவிடுவார்கள். அதற்குள் பஸ்ஸில் இரண்டு சண்டை முடிந்து மூன்றாவது தொடங்கியிருக்கும். அன்றைக்கு மூன்றாவது சண்டை, பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்துமா என்பது. குத்தும் என்றான் பிரைமரி டூ படிக்கும் ஸ்ரீராம்.

"கன்ஃபர்மா?" என்று கண்ணாடியில் பார்த்தபடி கேட்டான் எட்மண்ட்.

"கன்ஃபர்ம் பிளஸ் சாப், அங்கிள்."

"சாப் யார் வச்சது?"

இங்கே முத்திரைக்குச் சாப் என்று பேர். துளிச் சந்தேகமும் இல்லை என்றால், கன்ஃபர்ம் என்று சொல்லி அதற்கு மேல் ஒரு சாப்பும் வைப்பார்கள். மாமா வைத்தார் என்றான் ஸ்ரீராம். மாமா நேரில் பார்த்தாரா என்று எட்மண்ட் கேட்க, பையன் பள்ளி வாசல் வரை யோசித்தான். இறங்கும்போது, கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்வதாகச் சொன்னான். "ஓகே லா, அவசரமில்ல" என்றான் எட்மண்ட்.

எட்மண்ட் என் தம்பி. வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருடமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிறான். ஆறு வருடமாக அதே பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணி ஏற்றி இறக்கும் ஆன்ட்டி நான். சட்டைப் பையில் ஒரு ஜெபமாலை வைத்திருப்பான். மற்ற ஓட்டுநர்களைப் போல அதைக் கண்ணாடியில் தொங்கவிடமாட்டான். "பல வீட்டுப் பிள்ளைங்க ஏறுற வண்டி, அக்கா" என்பான். மனசு சரியில்லை என்றால் பஸ்ஸைக் கழுவுவான். வேறு எந்த வழியிலும் அவன் மனசைக் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் மாதா கோவிலில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு அவன் வாசகர். இருபத்திரண்டு வருடத்தில் டெங்கு வந்தபோது மட்டும் இரண்டு ஞாயிறு போகவில்லை. பைபிளில் வரும் வாய்க்குள் நுழையாத பெயர்களைச் சனிக்கிழமை குளிக்கும்போதே சத்தமாகச் சொல்லிப் பழகுவான். பக்கத்து வீட்டு முகம்மது யூசுப் அண்ணனுக்கே பாதிப் பெயர்கள் மனப்பாடம்.

அவன் மனைவி குணவதி இந்து. கல்யாணத்தின்போது மாறச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது என்று என்னையும் சேர்த்து எல்லாரிடமும் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை அவளைச் சிராங்கூன் ரோட்டுக் கோவிலில் இறக்கிவிட்டு, தேக்கா சந்தையில் பாலில்லாத ஒரு தே ஓ குடித்துக்கொண்டு காத்திருப்பான். மகள் கேட்லின் இரண்டு இடத்துக்கும் போய் வளர்ந்தவள். எட்டு வயதில் அவள் வளர்த்த மீன் செத்தபோது, அது எங்கே போகும் என்று கேட்டாள். குணவதி ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். எட்மண்ட், தான் நம்புவதைச் சொல்லிவிட்டு, "நீ என்ன நினைக்கிற?" என்றான். அவள் மீனைப் பூந்தொட்டியில் புதைத்து, போய்விட்டதா என்று பத்தாம் நாள் தோண்டிப் பார்த்தாள். அதையும் அவன் தடுக்கவில்லை. கையுறை மட்டும் எடுத்துக் கொடுத்தான்.

இந்த வருடம் அவளுக்குப் பதினாறு. உறுதிபூசுதல், இங்கிலீஷில் கன்ஃபர்மேஷன், வாங்க வேண்டிய வயது; குழந்தையில் தனக்காகப் பெரியவர்கள் சொன்ன விசுவாசத்தைப் பிள்ளை தானே ஏற்கும் சடங்கு அது. அதற்கு முன்னால், எனக்கு ஏன் இது வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் பங்குத்தந்தைக்குக் கடிதம் எழுத வேண்டும். ஒன்பது பிள்ளைகளில் எட்டுக் கடிதம் வந்துவிட்டது. நான்தான் ஞானத்தாயாக நிற்பதாக இருந்தேன். அவளுக்கு வெள்ளை உடையும் தைத்து முடித்திருந்தேன். மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் அருள்ஜோதி டீச்சர், பார்த்து எழுதச் சொல்லுங்கள் என்று ஒரு மாதிரிக் கடிதத்தை எட்மண்டிடம் கொடுத்தார். இரண்டு வரி நீயே சொல்லிக் கொடேன் என்று நானும் சொன்னேன்.

"நான் சொல்லி அவ எழுதினா அது என் லெட்டர் லா, அக்கா. என்னுது எய்ட்டி எய்ட்லயே கொடுத்தாச்சு."

அவனுக்கு ஆசை இல்லை என்று நினைக்க வேண்டாம். உறுதிபூசுதல் பூசையில் முதல் வாசகம் அவனுடையது. வாசிக்க வேண்டிய தாளை ஒரு மாதத்துக்கு முன்பே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். அந்த வாரம் பஸ்ஸை நான்கு முறை கழுவினான்.

வியாழக்கிழமை மாலை கேட்லின் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் இவ்வளவுதான் இருந்தது: "ஃபாதர், உறுதிபூசுதல் ஒரு முத்திரை என்று டீச்சர் சொன்னார். சாப் வைத்தால் அழிக்க முடியாது. நான் இன்னும் கன்ஃபர்ம் இல்லை. பூசைக்கு வருவேன். கொஞ்சம் காத்திருக்க முடியுமா? மன்னிக்கனும்."

எட்மண்ட் நின்றபடியே இரண்டு முறை படித்தான். கடைசி வார்த்தையில் 'னு'வை 'ணு' ஆக்கச் சொன்னான். வேறு எதையும் தொடவில்லை. பிறகு அவளைப் பங்குத்தந்தை வீட்டுக்குக் கூட்டிப்போய், அவள் உள்ளே பேசி முடிக்கும் வரை வாசலில் நின்றான். எப்போது தயாரோ அப்போது வரட்டும் என்று ஃபாதர் சொல்லியனுப்பினார். அருள்ஜோதி டீச்சருக்குத்தான் மனசு ஆறவில்லை. வாசகர் வீட்டிலேயே இப்படியா என்று கேட்டார். "அவ பொய் எழுதல டீச்சர். நல்லா சொல்லிக் கொடுத்திருக்கீங்க" என்றான் எட்மண்ட். டீச்சருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உறுதிபூசுதல் பூசைக்குக் கேட்லின் நீலப் பாவாடையில் வந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்களுக்குப் பின்வரிசையில் நான். எட்மண்ட் ஒரு பிசிறும் இல்லாமல் வாசித்துவிட்டு இடத்துக்குத் திரும்பினான். விசுவாச வாக்குறுதியைப் புதுப்பிக்கும் நேரம் வந்ததும் கோவிலில் எல்லாரும் எழுந்தோம். கேட்லின் எழவில்லை. கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை; அவள் தோளைத் தட்டிவிடலாம் என்று கை நீட்டினேன்.

எட்மண்ட் திரும்பவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, தோளைத் தொடுவதற்குள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டான். பீடத்திலிருந்து ஃபாதர், கடவுளை விசுவசிக்கிறீர்களா என்று கேட்டார். என் கையை விடாமலே, கோவில் முழுக்கக் கேட்கும்படி, "விசுவசிக்கிறேன்" என்றான்.