மாத்திரை போட்டியா?

கோபம் மனுஷ ஜாதிக்கே பொதுவானது. அவளுக்கு வந்தால் மட்டும் அது நோய். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மேடைத் திரைகள் தைக்கும் பட்டறையில் பதினாறு வருடம் துணி வெட்டியவள் அவள். எல்லோருக்கும் அவள்தான் மாஸ்டர். மூன்று வருடத்துக்கு முன் இருமுனை மனநோய் அவளை உச்சாணிக் கொம்பில் ஏற்றி வைத்தபோது, யாரும் கேட்காத திரைக்காக இரண்டு கட்டுத் துணியை வெட்டித் தள்ளினாள். பிறகு அதே நோய் கீழே தள்ள, நாலு மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. மாத்திரையில் தேறி வந்தாள். அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. மாத்திரையால் விரல்களில் லேசான நடுக்கம் உண்டு. யாரும் பார்க்காதபடி கையை மடியில் ஒளித்துக்கொள்வாள்.

ஆனால் அவளுடைய கத்தரிக்கோல் முதலாளியின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. அவளுக்குக் கிடைத்தது திரைக்கு வளையம் தைக்கும் வேலை. மாஸ்டர் என்றவர்கள் இப்போது பச்சைக் குழந்தையைக் கொஞ்சுவது போல ‘அக்கா’ என்றார்கள். வீட்டிலோ, கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் போதும், மாத்திரை போட்டாயா என்று கணவர் எட்டிப் பார்ப்பார்.

ஒருநாள் நீல வெல்வெட்டில் பெரிய திரை வேலை வந்தது. வெல்வெட்டின் மயிர் ஒரு திசையில்தான் படியும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தில் ஒன்று கருத்தும் ஒன்று வெளுத்தும் தெரியும். அவள் இடத்துக்கு வந்த புது மாஸ்டர் பருத்தித் துணியில் பழகியவன். நேரம் மிச்சம் என்று துணியை முன்னும் பின்னுமாக மடித்து அடுக்கினான். அவள் போகிற போக்கில் இரண்டு அடுக்கைத் தடவினாள். மயிர் எதிரெதிராகப் படிந்திருப்பதை விரல் சொல்லிவிட்டது.

முதலில் அவனிடம் மெதுவாகச் சொன்னாள். தலையாட்டினான். முதலாளியிடம் சொன்னாள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். மூன்றாம் முறை கத்தியே சொன்னாள். முதலாளி போனை எடுத்தார். அரை மணி நேரத்தில் கணவர் வந்து நின்று, அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

"மாத்திரை போட்டியா?"

துணியை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. வெட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் மாத்திரை அட்டையை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். கணக்கு சரியாக இருந்தது. இருந்தும், தன் விரல்தான் பொய் சொல்லிவிட்டதோ என்று உட்கார்ந்து விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைத்தான் பொறுக்க முடியவில்லை. வேலையைப் பிடுங்கினார்கள், தொலையட்டும். அவள் விரலை அவளே நம்பாதபடி செய்துவிட்டார்களே, பாவிகள்.

பத்து நாள் கழித்துத் திரையைத் தைத்து முடித்து, சரிபார்க்கத் தொங்கவிட்டு விளக்கைப் போட்டார்கள். ஒரு பட்டை கருநீலம், அடுத்தது வெளிர்நீலம். ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி தொங்கியது. முதலாளி அவளிடம்தான் வந்தார்.

"அன்னைக்கே இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிருக்கலாமேம்மா."

அவள் எழுந்தாள்.

"எப்படிச் சொல்லணும்? மெதுவா சொன்னா காதுல விழல. சத்தமா சொன்னா நோய்னீங்க. மாத்திரை நான் போட்டுட்டுத்தான் இருந்தேன். உங்கள்ல ஒருத்தராவது துணியத் தடவிப் பாத்தீங்களா?"

அவள் குரல் கூரையில் இடித்தது. மாத்திரை போட்டாளா என்ற அந்தப் பழைய பார்வை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. முதலாளியின் கை பழக்க தோஷத்தில் போனுக்குப் போனது.

"கூப்பிடுங்க. அவரும் வரட்டும். மொதல்ல இதத் தடவிப் பாக்கட்டும், அப்புறம் மாத்திரையப் பத்திக் கேக்கட்டும்."

முதலாளி போனைக் கீழே வைத்தார். புது மாஸ்டர் மெல்லப் போய்த் திரையை மேலும் கீழும் தடவினான். தலை நிமிரவில்லை.

அவள் தன் கத்தரிக்கோல் கிடந்த இழுப்பறையின் சாவிக்காகக் கையை நீட்டினாள். விரல்கள் நடுங்கின. எல்லோரும் பார்த்தார்கள். அவள் கையை மடக்கவில்லை. சாவி வரும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.