மஞ்சள் தூவிய பாம்பு

லிங்கராஜபுரத்தில் எங்கள் குடியிருப்பில் பாம்பு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்று கூப்பிட்டது மாடி வீட்டு அம்மா. வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பாம்பு சுருண்டிருந்தது. உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும். தூர நின்று தூவிக் கும்பிட்டிருக்கிறார். மஞ்சளுக்கு அடியில் வெள்ளைப் பட்டைகளைத் தேடினேன். கழுத்தருகே அழுத்தமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிப்போயின. கட்டுவிரியனுக்கு வால் பக்கம்தான் அழுத்தமாக இருக்கும்.

"பயப்படாதீங்கம்மா, இது வெள்ளிக்கோல் வரையன். விஷமே இல்ல."

"விஷமே இல்லையா? இதுக்கா சார் நான் பூஜை பண்ணேன்?" என்று துடைப்பத்தை ஓங்கிவிட்டார்.

குறுக்கே காலை நீட்டினேன். அடி எனக்கு விழுந்தது.

இப்போதெல்லாம் பாம்பை டப்பாவில் போட்டு மூடிய பிறகுதான் அது என்ன பாம்பு என்று சொல்கிறேன்.