கோட்டை விட்டு விலகின கத்தி

போன சனிக்கிழமை மருமகன் ஒரு புகை அடுப்பை வாங்கிவந்து, டூங்கபியில் எங்கள் பின்வளவில் நிறுத்தினார். பிறகு ஆறு கிலோ மாட்டு நெஞ்சிறைச்சியைக் குசினி மேசையில் வைத்து, போனில் வீடியோ பார்த்தபடி கத்தியை எடுத்தார்.

"குளிர் போறதுக்கு முதல் வெட்டுங்கோ தம்பி. கொழுப்பு இளகினால் கத்தி வழுக்கும்" என்றேன்.

மருமகன் திரும்பிப் பார்த்தார். வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடாத ஒரே ஆள் நான்.

சாப்பிட்டதில்லைதான். ஆனால் பச்சைக் கொழுப்பின் மணம் மூக்கில் ஏறினால் எனக்குப் பக்கத்து ஊரான நார்த்மீட் ஞாபகம் வந்துவிடும். விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் அங்கே ஓர் இறைச்சிக்கடையில் வேலை செய்தேன். இறைச்சியைப் புகையில் வாட்டியும் விற்பார்கள். ஊருக்குக் கடிதம் எழுதும்போது உணவுத்துறையில் இருக்கிறேன் என்று எழுதினேன். பொய் இல்லை.

வெட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் மன்னாரைச் சேர்ந்த பிலோமினா அக்கா. நெஞ்சிறைச்சி என்பது ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும் இரண்டு தசைகள். ஒன்று தட்டை, மற்றது தடிப்பு. நடுவே ஒரு கொழுப்புக் கோடு ஓடும். கத்தி அந்தக் கோட்டிலேயே போனால் இரண்டும் சண்டையில்லாமல் பிரியும். கோயில் பாடகர் குழுவில் யார் சுருதி பிசகினார்கள் என்று சொல்லிக்கொண்டே, புகையில் உருகாத கட்டிக் கொழுப்பை அக்கா தோண்டி எறிவார். மேல்கொழுப்பில் அரைவிரல் தடிப்பை விட்டுவைப்பார். பாடகர் குழுவில் அவ்வளவு பேர் பிசகுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஞானஸ்நான விருந்து ஒன்றுக்குக் கேட்டிருந்த பெரிய துண்டை வெட்டினேன். மனம் முழுக்க விசா. கத்தி கோட்டை விட்டு விலகித் தட்டைத் தசையைக் குறுக்கே கிழித்துவிட்டது. வேறு துண்டு கடையில் இல்லை.

முதலாளி கிரெக் வந்து தூக்கிப் பார்த்து, யார் வெட்டியது என்று கேட்டார். இன்னொரு பிழை விட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று அதற்கு முந்தின கிழமைதான் எனக்குச் சொல்லியிருந்தார். விசாவுக்கான வேலைக் கடிதமும் அவர் கையில்தான். நான் வாய் திறக்க முதல், தான்தான் வெட்டியது என்று கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்க அக்கா சொல்லிவிட்டார். கிரெக் துண்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவைத் தட்டுக் கழுவ அனுப்பினார்.

கடையின் மிகத் திறமான கை இரண்டு கிழமை தட்டுக் கழுவியது. அவருடைய இடத்தில் நின்று நான் வெட்டினேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு விசா வந்திட்டுது. உனக்கு வரேல்லை. பேசாமல் வெட்டு."

விசா வந்த அன்று கிரெக்கின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். தனக்குத் தெரியும் என்றார். பிலோமினா இடதுகைக்காரி, அந்த வெட்டுச் சரிந்திருந்தது வலதுகைக்காரனின் பக்கம். அப்படியென்றால் ஏன் அவருக்குத் தண்டனை என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் அவள் சொன்னதைப் பொய் என்று தான் எப்படிச் சொல்வது என்று என்னிடமே கேட்டார்.

அக்கா பிறகு மெல்பேர்னுக்குப் போனார். போகும்வரை, கிரெக்கை ஏமாற்றிய கதையைப் புதிதாக வேலைக்கு வந்த எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். கிரெக்குக்கு எல்லாம் தெரியும் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிரெக் இப்போது உயிரோடில்லை. கடை இருந்த இடத்தில் பல் வைத்தியம் செய்கிறார்கள். அக்காவின் நத்தார் வாழ்த்துகள் சில வருடம் டிசம்பரில் வந்து நின்றுபோயின. கிரெக்குக்குத் தெரிந்திருந்ததை இனிச் சொன்னால் பாதகமில்லை என்று போன வருடம் அவருக்குப் போன் எடுத்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை.