பிரபுவின் மாளிகையில் என் சப்பாத்து

எனக்கு ஒழுங்காக எழுத வராது, மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஆனால் சிட்னியில் நாங்கள் இருக்கும் கிரவீனில் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் மகன் இந்தக் கதையைத் தன் விருப்பத்துக்குச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கிறான். சபையில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

சிட்னியில் பார்க்க எதுவும் மிச்சமில்லையென்று மகனும் மருமகளும் என்னை இத்தாலிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பிரபுவின் மாளிகை. ஐந்நூறு வருடத்துக்கு முன் கட்டியதாம், இப்போது முழுவதும் மியூசியம். பிரபுவுக்குப் படுக்க ஓர் அறை, உடுக்க ஓர் அறை, படிக்க ஒன்று, படித்தவர் என்று காட்ட இன்னொன்று. எங்கும் கதிரைகள், ஒன்றிலும் இருக்க விடமாட்டார்கள். விளக்கம் சொல்லும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள். என் காதிலும் ஒன்று ஆங்கிலத்தில் பேசியது. மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு போனேன்.

ஓரிடத்தில் பிரபுவின் சொந்தக் கோயில். உள்ளே மாதா, கையில் குழந்தை. வாசலில் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை அதற்குள் சுருட்டி வைத்துவிட்டுப் போய்க் கும்பிட்டேன். திரும்பினால், காவலர் எதிர்ப்பக்கக் கதவைக் காட்டுகிறார். ஒருவழிப் பாதையாம்.

எனக்குச் சீனி வருத்தம். உள்ளங்காலில் உணர்ச்சி இல்லை. ஒரு சின்னக் காயம் ஆற மாதக்கணக்கில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் நான். வெறுங்காலோடு நடந்தால் அடுத்த முறை விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த அறைகளிலோ திருத்தவேலை, தரையில் கல்லுத்துண்டுகள். மகனைக் கூப்பிடலாம்தான். ஆனால் அவ்வளவு அமைதியான இடத்தில் எப்படிக் கத்துவது? நாகரிகமாக ஒரு விரலை இழக்கலாம் என்று நடந்தேன்.

மருமகள்தான் கண்டாள்.

"மாமி, எங்க சப்பாத்து?"

"கோயில் வாசலில கழட்டிப்போட்டு வந்தனான்."

"அம்மா, அது கோயில் இல்லை, மியூசியம்," என்றான் மகன்.

"அப்ப உள்ளுக்கு இருக்கிறது ஆர்?"

அவன் தன் காதுக் கருவியை ஒருமுறை தட்டிப் பார்த்தான். மருமகள் ஓடிப்போய்க் காவலரிடம் சொன்னாள். அவர் தன் கதிரையில் என்னை இருத்திவிட்டு யாரையோ அழைத்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர், பிரபுவின் தங்கக் கிண்ணம்போல என் சப்பாத்தை ஏந்தி வந்தார். அதற்கு அப்படியொரு மரியாதை அதற்குமுன் கிடைத்ததில்லை.

மகன் அந்தப் பளிங்குத் தரையில் முழங்காலிட்டு, ஃபோன் வெளிச்சத்தில் என் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலிடுக்குகளையும் விடவில்லை.

"ஒண்டுமில்லை அம்மா," என்றான். காலுறையை உதறிப் பார்த்து அவனே மாட்டிவிட்டான். விருந்துகளில் இந்த இடத்தை மட்டும் அவன் சொல்வதில்லை.

மாளிகையின் பெயரும் ஊரும் எனக்கு நினைவில்லை. மகனைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் சரிபார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்: அந்தக் கோயிலில் இப்போதும் பூசை நடக்கிறதா? நடக்கிறதென்றால், சப்பாத்தோடு உள்ளே போன என் மகனைப் பற்றி நானும் விருந்துகளில் ஒரு கதை சொல்லலாம்.